அலகுகளை அடித்து வீதக் கணக்குப் போடச் சொல்லித்தரும் இணைய வகுப்பு: நான்கு மாத அனுபவம்

என் மகள் ஏழாம் வகுப்பு. பெருக்கல், வகுத்தல், பின்னம் எதிலும் அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது. ஆனால் "ஒரு குழாயிலிருந்து 3 நிமிடத்தில் 45 லிட்டர் தண்ணீர் வருகிறது, 600 லிட்டர் தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்" என்று ஒரு வார்த்தைக் கணக்கைக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். "அம்மா, இதுல பெருக்கணுமா, வகுக்கணுமா?" அவளாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துப் பார்ப்பது, மீதி இல்லாமல் வந்தால் அதுதான் விடை, மீதி வந்தால் பெருக்கிவிடுவது. பாதி நேரம் அது சரியாகவும் வந்துவிடும். அதனாலேயே அந்தப் பழக்கத்தை விட வைப்பது கஷ்டமாக இருந்தது.

இதற்காகத்தான் லிட்டர், நிமிடம் போன்ற அலகுகளைப் பின்னத்தில் மேலும் கீழும் அடித்துக் கணக்குப் போடும் முறையை மட்டும் சொல்லித்தருகிற ஒரு இணைய வகுப்பில் அவளைச் சேர்த்தேன். நான்கு மாதம் ஆகிறது. நடத்துபவர்களின் பெயரைப் போடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் குறைகளையும் விவரமாகச் சொல்லப்போகிறேன், அதோடு இதே முறையைச் சொல்லித்தரும் எந்த வகுப்பில் சேர்வதற்கு முன்பும் நீங்கள் பார்க்கவேண்டியது இதே விஷயங்கள்தான். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாடம் அருமை, ஆனால் பயிற்சிப் பகுதி அந்தப் பாடத்துக்கே எதிராக வேலை செய்கிறது. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.

மொத்தம் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நான்கைந்து சின்னக் காணொளிகள், ஒவ்வொரு காணொளிக்கும் பிறகு திரையிலேயே போடவேண்டிய பயிற்சிக் கணக்குகள். முதல் பகுதியில் ஒரு கணக்குகூடப் போடச் சொல்வதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கேள்வியைப் படி, அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணையும் அதன் அலகோடு சேர்த்து எழுது, அவ்வளவுதான். 45 என்று மட்டும் எழுதினால் ஆசிரியர் நிறுத்திக் கேட்கிறார்: 45 என்ன? லிட்டரா, நிமிடமா, கிலோமீட்டரா? இருபது நிமிடம் இப்படியே போகிறது. என் மகளுக்கு முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வியைப் படிக்காமல் எண்களை மட்டும் பொறுக்கி எடுக்கிற பழக்கம் போகவேண்டுமானால் இந்தச் சலிப்பைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பகுதியில்தான் முறை வருகிறது. ஒரு வீதம் என்பது ஒரு பின்னம். 45 லிட்டர் / 3 நிமிடம் என்று கோடு போட்டு எழுதலாம், தலைகீழாக 3 நிமிடம் / 45 லிட்டர் என்றும் எழுதலாம், இரண்டும் அந்தக் குழாயைப் பற்றிய ஒரே உண்மைதான். எதை எடுப்பது என்பதை நாம் யோசிக்கத் தேவையில்லை, அலகே சொல்லிவிடும். நம் கையில் இருப்பது 600 லிட்டர், வேண்டியது நிமிடம். அப்படியானால் லிட்டர் ஒழியவேண்டும். மேலே இருக்கிற லிட்டரை அடிக்கக் கீழே ஒரு லிட்டர் வேண்டும், ஆகவே லிட்டர் கீழே இருக்கிற வடிவம்:

600 லிட்டர் × (3 நிமிடம் / 45 லிட்டர்) = 40 நிமிடம்

லிட்டரும் லிட்டரும் அடிபட்டுப் போய்விடும், நிமிடம் மட்டும் மிஞ்சும். அதுதானே வேண்டும்? சரி, எண்களைப் பெருக்கி வகுத்துக்கொள்ளலாம். அடுத்து ஆசிரியர் வேண்டுமென்றே பின்னத்தைத் தப்பான பக்கம் வைத்துக் காட்டுகிறார்: 600 லிட்டர் × (45 லிட்டர் / 3 நிமிடம்). எண்ணை மட்டும் பார்த்தால் 9000, மீதியில்லாத அழகான முழு எண். அலகைப் பார்த்தால் லிட்டர் × லிட்டர் / நிமிடம். "லிட்டர் லிட்டரா? அப்படி ஒண்ணு இருக்காம்மா?" என்று என் மகள் கேட்ட இடத்தில்தான் இந்த வகுப்பில் சேர்த்தது வீண்போகவில்லை என்று தோன்றியது. பெருக்கணுமா வகுக்கணுமா என்ற கேள்விக்கு அன்றோடு வேலை இல்லாமல் போயிற்று. எல்லாமே பெருக்கல்தான், எந்தப் பின்னம் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் கேள்வி, அதற்குப் பதில் அலகில் இருக்கிறது.

பள்ளியில் சொல்லித்தருகிற ஓரலகு முறை இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கலாம், என் கணவரே கேட்டார். ஓரலகு முறை நல்ல முறைதான், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு நிமிடத்துக்கு 15 லிட்டர், 600 லிட்டருக்கு 40 நிமிடம், இரண்டு அடியில் முடிந்தது. ஆனால் கணக்கு நீளும்போது, அதாவது ஒரு அலகிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மூன்றாவது என்று போகும்போது, ஒவ்வொரு இடத்திலும் "ஒன்றுக்கு எவ்வளவு" என்று நிறுத்தி நிறுத்திப் போகவேண்டியிருக்கும், நடுவில் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். குறுக்குப் பெருக்கலில் வேறு பிரச்சினை. நான்கு எண்களை நான்கு இடத்தில் வைக்கவேண்டும், ஒன்று இடம் மாறினாலும் விடை தப்பு, மாறியது தெரியவும் தெரியாது.

மூன்றாம் பகுதியில் வரும் சங்கிலிக் கணக்குகளில்தான் இந்த முறையின் பலம் தெரிகிறது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தை மீட்டர்/வினாடிக்கு மாற்றச் சொன்னால் நம்மில் பலர் 5/18 என்று மனப்பாடம் செய்து வைத்திருப்போம். எனக்கும் அது மனப்பாடம், ஆனால் 5/18ஆ 18/5ஆ என்ற சந்தேகம் பள்ளி முடியும்வரை போனதே இல்லை. இப்போது என் மகள் இப்படி எழுதுகிறாள்:

(72 கி.மீ. / 1 மணி) × (1000 மீ. / 1 கி.மீ.) × (1 மணி / 3600 வினாடி) = 20 மீ./வினாடி

கிலோமீட்டர் அடிபட்டது, மணி அடிபட்டது, மிஞ்சியது மீட்டர்/வினாடி. 1000/3600 என்பதைச் சுருக்கினால் வருவதுதான் அந்த 5/18. அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கே இந்த வயதில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அதே கணக்கைத் திருப்பிப் போட்டு, உசைன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடியது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்தோம். சராசரியாக மணிக்குக் கிட்டத்தட்ட 37.6 கி.மீ. சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் என்பதும் இதே ஒரு வரிதான். சுமார் 14 கோடியே 96 லட்சம் கி.மீ. தூரத்தை வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ. என்ற வீதத்தின் தலைகீழ் வடிவத்தால் பெருக்கினால் 499 வினாடி, அதாவது 8 நிமிடம் 19 வினாடி. இவை வகுப்பில் இல்லாத கணக்குகள். முறை பிடிபட்டதும் அவளே கணக்குத் தேட ஆரம்பித்துவிட்டாள், நான் சேர்த்துக்கொடுத்தவை இரண்டோ மூன்றோதான்.

வீட்டில் அடிக்கடி வந்த இன்னொரு கணக்கு இணைய வேகம். 100 மெகாபிட்/வினாடி இணைப்பில் 5 கிகாபைட் கோப்பு இறங்க 50 வினாடிதானே ஆகவேண்டும், ஏன் இவ்வளவு நேரம் என்று அவளுடைய கேள்வி. எழுதிப் பார் என்றேன். 5 கிகாபைட் × (1000 மெகாபைட் / 1 கிகாபைட்) என்று போட்டு, அடுத்து வினாடி/மெகாபிட்டால் பெருக்கப் போனவள் நின்றுவிட்டாள். மேலே மெகாபைட், கீழே மெகாபிட், இரண்டும் அடிபடாது! நடுவில் (8 மெகாபிட் / 1 மெகாபைட்) என்று ஒரு பின்னம் விடுபட்டிருக்கிறது. அதையும் சேர்த்தால் 400 வினாடி, அதாவது 6 நிமிடம் 40 வினாடி, அதுவும் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால்தான். ஒரு எழுத்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அலகுதான், நான் இல்லை.

என் தங்கை செவிலியர். அவளிடம் இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னபோது, "அக்கா, நாங்க தினமும் போடுறதே இதுதானே" என்றாள். 1000 மி.லி. திரவம் 8 மணி நேரத்தில் ஏறவேண்டும், குழாய் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விடும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைக்கவேண்டும்? (1000 மி.லி. / 8 மணி) × (1 மணி / 60 நிமிடம்) × (20 சொட்டு / 1 மி.லி.), கிட்டத்தட்ட 42 சொட்டு/நிமிடம். இந்தக் கணக்கில் ஒரு பின்னம் தலைகீழானால் என்ன ஆகும் என்று அவள் என் மகளுக்குப் பொறுமையாக விளக்கிச் சொன்னது எந்தக் காணொளியையும்விட ஆழமாகப் பதிந்தது. இந்த மாதிரிக் கணக்குகள் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இருப்பவை எல்லாம் குழாய், தொட்டி, ரயில், மறுபடியும் குழாய்.

அலகு ஏன் முக்கியம் என்று காட்ட முன்னுரைக் காணொளியில் 1999-இல் தொலைந்துபோன செவ்வாய் விண்கலத்தைச் சொல்கிறார்கள். ஒரு தரப்பு பவுண்டு விசையிலும் இன்னொரு தரப்பு நியூட்டனிலும் (இரண்டும் விசையை அளக்கும் அலகுகள்) கணக்கிட்டதால் வந்த இழப்பு. அது உண்மைதான், ஆனால் ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு அது ஒரு கதையாகத்தான் போய்ச்சேர்கிறது, கணக்காகப் போட்டுப் பார்க்க முடியாது. அதைவிட 1983 ஜூலை 23-இல் கனடாவில் நடந்தது இந்தப் பாடத்துக்கென்றே அமைந்தது போல இருக்கும். மான்ட்ரியலில் இருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 767. பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். தொட்டிகளில் ஏற்கெனவே 7,682 லிட்டர் இருந்தது. லிட்டரை எடையாக மாற்ற அவர்கள் எடுத்த எண் 1.77. அது பவுண்டு/லிட்டர். அவர்களுக்கு வேண்டியதோ கிலோ/லிட்டர், அது சுமார் 0.80.

இதை என் மகளிடம் அலகோடு எழுதச் சொன்னேன். 7,682 லிட்டர் × (1.77 பவுண்டு / 1 லிட்டர்) = 13,597 பவுண்டு. அடுத்த வரி: 22,300 கிலோ − 13,597 பவுண்டு. அவள் அங்கேயே பென்சிலை வைத்துவிட்டாள். கிலோவிலிருந்து பவுண்டைக் கழிக்க முடியாது. அன்றைக்கு 13,597-ஐக் கிலோ என்று எடுத்துக்கொண்டு கழித்து, மறுபடியும் 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் போதும் என்று நிரப்பினார்கள். சரியாகப் போட்டிருந்தால் 20,000 லிட்டருக்கும் மேல் நிரப்பியிருக்க வேண்டும். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர ஆரம்பித்து, இரண்டு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டே கொண்டுவந்து கிம்லி என்ற இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள், உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் "பவுண்டு" என்று ஒரு சொல் கடைசி வரை கூடவே வந்திருந்தால் அந்தத் தவறு இரண்டாவது வரியில் மாட்டியிருக்கும். நான் நான்கு மாதத்தில் சொல்லிப் புரியவைக்க முயன்றதை இந்த ஒரு கணக்கு புரியவைத்துவிட்டது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வகுப்பு நடத்துபவர்களுக்கும் இதை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இனி குறைகள். பெரியதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பயிற்சிக் கணக்குகளுக்கு விடை எழுதத் திரையில் ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டி எண்ணை மட்டும்தான் கேட்கிறது. அலகு எழுத இடமே இல்லை, எழுதினால் "தவறான உள்ளீடு" என்று சிவப்பில் காட்டுகிறது! முதல் காணொளியில் "45 என்ன?" என்று கேட்ட அதே வகுப்பு, பயிற்சியில் "45" என்று மட்டும் எழுதினால் பச்சை விளக்குக் காட்டுகிறது. குழந்தைகள் எது மதிப்பெண் தருகிறதோ அதைத்தான் செய்வார்கள். மூன்றாம் வாரத்திலேயே என் மகள் அலகு எழுதுவதை நிறுத்திவிட்டாள், பழைய வகுத்துப் பார்க்கிற வழிக்கே திரும்பப் போய்விட்டாள், பச்சை விளக்கும் எரிந்துகொண்டேதான் இருந்தது. அவளுடைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு நாள் எதேச்சையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து நாங்கள் செய்வது இதுதான்: காணொளியைத் திரையில் பார்ப்பது, கணக்கை நோட்டில் போடுவது, எந்த அலகு எதோடு அடிபட்டது என்று சாய்கோடு போட்டுக் காட்டுவது, அப்புறம்தான் பெட்டியில் எண்ணைப் போடுவது. நான் பார்ப்பது நோட்டை மட்டும்தான், திரையில் வரும் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. நீங்கள் சேர்ந்தாலும் முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள்.

அடுத்தது மொழி. பாடம் தமிழில்தான் இருக்கிறது, ஆனால் வேறு மொழியில் எழுதித் தமிழுக்குக் கொண்டுவந்தது போலத் தெரிகிறது. "முதலில் வருவது மேலே, பிறகு வருவது கீழே" என்று ஒரு இடத்தில் விதி சொல்கிறார்கள். தமிழில் அது நேர்மாறு. நாம் "மணிக்கு 60 கிலோமீட்டர்" என்போம், "நிமிடத்துக்கு 15 லிட்டர்" என்போம், கீழே போகவேண்டியதுதான் முதலில் வருகிறது. அந்த விதிப்படி எழுதிய என் மகள் மணியை மேலே போட்டாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான் வேறு விதி சொல்லிக்கொடுத்தேன்: எந்தச் சொல்லில் "க்கு" இருக்கிறதோ அது கீழே. மணிக்கு, வினாடிக்கு, லிட்டருக்கு, ஆளுக்கு, எல்லாமே கோட்டுக்குக் கீழே. "600 லிட்டருக்கு எத்தனை நிமிடம்" என்று கேட்டால்கூட இது உதவும், லிட்டர் கீழே, நிமிடம் மேலே இருக்கிற பின்னத்தைத்தான் தேடவேண்டும். நம் மொழியிலேயே இவ்வளவு நல்ல அடையாளம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மூன்றாவது, 1000 மீ. / 1 கி.மீ. என்ற பின்னத்தையும் 45 லிட்டர் / 3 நிமிடம் என்ற பின்னத்தையும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள். முதலாவது எப்போதும் எங்கேயும் உண்மை, மேலும் கீழும் ஒரே நீளம் என்பதால் அதன் மதிப்பு ஒன்று, ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது. இதை அழகாக விளக்குகிறார்கள். ஆனால் இரண்டாவது அந்தக் குழாய்க்கு, அந்த நேரத்துக்கு மட்டும் உண்மை, குழாயைக் கொஞ்சம் திருகினால் மாறிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு காணொளியிலாவது சொல்லியிருக்கவேண்டும். என் மகள் ஒருமுறை முந்தைய கணக்கின் குழாய் வேகத்தை அடுத்த கணக்கில் எடுத்துப் போட்டாள், ஏன் கூடாது என்று கேட்டாள். அலகு அடிபடுகிறதே என்பது அவளுடைய வாதம்.

இதையொட்டித்தான் நான்காவது குறை வருகிறது, இதை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "அலகு சரியாக வந்தால் விடை சரி" என்று ஐந்தாம் பகுதியில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இது பொய். அலகு தப்பாக வந்தால் விடை நிச்சயம் தப்பு, அது உண்மை. அலகு சரியாக வந்தால் விடை சரியாக இருக்கலாம், அவ்வளவுதான் சொல்லமுடியும்.

பள்ளித் தேர்வில் ஒரு கணக்கு வந்தது: 6 பேர் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார்கள், 15 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? என் மகள் எழுதியது இது. 15 ஆள் × (10 நாள் / 6 ஆள்) = 25 நாள். ஆள் அடிபட்டது, நாள் மிஞ்சியது, முறைப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆள் கூடினால் நாள் கூடுமா? அலகுகள் இங்கே அவளைத் தப்பான இடத்துக்கு நம்பிக்கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டன. இது எதிர்மாறல் கணக்கு, அதாவது ஒன்று கூடினால் மற்றது குறையும், இங்கே 10 நாள் / 6 ஆள் என்று ஒரு வீதமே கிடையாது. மாறாமல் இருப்பது வேலையின் அளவு, அது 6 ஆள் × 10 நாள் = 60 ஆள்-நாள். அதை 15 ஆளால் வகுத்தால் ஆள் அடிபட்டு 4 நாள். அலகு முறை இங்கேயும் வேலை செய்கிறது, ஆனால் எது மாறாதது என்று முதலில் யோசித்த பிறகுதான். அந்த யோசனையை அலகு நமக்காகச் செய்யாது. ஆறு பகுதிகளில் எதிர்மாறலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சராசரி வேகமும் அப்படித்தான். போகும்போது மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது மணிக்கு 40 கி.மீ., சராசரி என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் மணிக்கு 50 கி.மீ., அலகு கச்சிதம், விடை தப்பு. 120 கி.மீ. தூரம் என்று வைத்துப் பாருங்கள், போக 2 மணி, வர 3 மணி, மொத்தம் 240 கி.மீ. / 5 மணி, மணிக்கு 48 கி.மீ. இதுவும் வகுப்பில் இல்லை.

வெப்பநிலையில் ஒரு நேரடியான பிழையே இருந்தது. ஒரு பயிற்சியில் 20 டிகிரி செல்சியஸை 9/5-ஆல் பெருக்கி 36 டிகிரி ஃபாரன்ஹீட் என்று விடை கொடுத்திருந்தார்கள். 20 செல்சியஸ் என்பது 68 ஃபாரன்ஹீட், 32-ஐக் கூட்டவேண்டும். இரண்டு அளவுகோல்களுக்கும் பூஜ்யம் ஒரே இடத்தில் இல்லாததால் வெறும் பின்னத்தால் பெருக்கி மாற்ற முடியாது. வெப்பநிலை எவ்வளவு ஏறியது, இறங்கியது என்ற வித்தியாசத்துக்கு மட்டும்தான் 9/5 தனியாகப் பொருந்தும். எழுதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள், நன்றி சொல்லிப் பதிலும் வந்தது, அதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும். எடுத்துவிடுவதற்குப் பதில் அதையே ஒரு பாடமாக்கியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

பரப்பளவு, கனஅளவுப் பகுதியை மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் செய்திருக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர செ.மீ. என்று எழுதாத குழந்தை அபூர்வம். இங்கே சதுர மீட்டரை மீ. × மீ. என்று பிரித்து எழுதவைத்து, ஒவ்வொரு மீட்டரையும் தனித்தனியாக அடிக்கச் சொல்கிறார்கள். 3 மீ. × மீ. × (100 செ.மீ. / 1 மீ.) × (100 செ.மீ. / 1 மீ.) = 30,000 சதுர செ.மீ. ஒரு பின்னம் மட்டும் போட்டால் ஒரு மீட்டர் அடிபடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஒரு காணொளியை நானே மூன்று முறை பார்த்தேன்.

தலைகீழ் வீதத்துக்கு அவர்கள் எடுத்திருக்கும் ஓட்டப்பந்தய உதாரணமும் நன்றாக இருக்கிறது. நீண்ட தூரம் ஓடுபவர்கள் வேகத்தை கி.மீ./மணி என்று சொல்வதைவிட நிமிடம்/கி.மீ. என்றுதான் அதிகம் சொல்வார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் என்றால் 42.195 கி.மீ. மாரத்தானுக்கு அப்படியே பெருக்கினால் போதும், ஏறத்தாழ 211 நிமிடம், 3 மணி 31 நிமிடம். அதே வீதத்தைத் திருப்பி 60 நிமிடம் / 1 மணி என்ற பின்னத்தால் பெருக்கினால் மணிக்கு 12 கி.மீ. இரண்டு எண்களும் ஒரே ஓட்டத்தைத்தான் சொல்கின்றன என்பது குழந்தைக்கு இங்கே நன்றாகப் பிடிபடுகிறது.

விளம்பரத்தில் "புத்தம் புதிய முறை" என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துவிடலாம். வேதியியல், இயற்பியல் படித்தவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள், மேல்வகுப்பில் இதன் பெரிய வடிவத்தைத்தான் பரிமாணப் பகுப்பாய்வு என்ற பெயரில் படிக்கிறோம். அதன் அடிப்படையை பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியர் 1822-இல் வெப்பத்தைப் பற்றிய தன் நூலிலேயே எழுதிவிட்டார். பழைய முறை என்பதால் ஒரு குறையும் இல்லை, ஏழாம் வகுப்புக்கு இவ்வளவு எளிமையாக இறக்கித் தந்ததே பெரிய வேலை, அதைச் சொன்னாலே போதும்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், பெருக்கல் வகுத்தலும் பின்னத்தைச் சுருக்குவதும் தெரிந்து, வார்த்தைக் கணக்கில் மட்டும் திணறுகிற ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் குழந்தைகளுக்கு. பின்னத்தில் மேலும் கீழும் அடிப்பதே இன்னும் வராத குழந்தையைச் சேர்க்காதீர்கள், முதலில் 12/18 எப்படி 2/3 ஆகிறது என்பது கைக்கு வரட்டும். நுழைவுத் தேர்வுக்கோ செவிலியர் படிப்புக்கோ தயாராகும் பெரியவர்களுக்கு முதல் பகுதி மெதுவாகத் தெரியும், இரண்டிலிருந்து தொடங்கலாம். குழந்தையைத் திரைக்கு முன் உட்காரவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

விடைப் பெட்டிக்குப் பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பட்டியலாவது வையுங்கள், எண் சரியாக இருந்தும் அலகு தப்பாக இருந்தால் பச்சை விளக்குக் காட்டாதீர்கள் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை, இரண்டாவதற்கு "பரிசீலனையில் இருக்கிறது" என்று வந்தது. சந்தாவை இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறேன். அதற்குள் அந்தப் பட்டியல் வந்துவிட்டால் இங்கேயே வந்து மூன்றரையை நான்கரை ஆக்கிவிடுகிறேன்.